நடு இன்ஜின் கிட் காருக்கு எந்த டிரான்ஸ்ஆக்சில்?

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கியர்பாக்ஸைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி, இன்ஜினைப் பின் அச்சுக்கு முன்னால் வைத்து மாட்டிவிட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும்தான் கிடைக்கும். கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) கட்டுவோரில் பலர் டிரான்ஸ்ஆக்சில் வாங்கும்போது முதலில் கேட்பது "எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் தாங்கும்?" என்பது. அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரவேண்டிய கேள்வி. இந்தப் பெட்டி எந்த வண்டியில், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதே முதல் கேள்வி.

கியர்பாக்ஸ், ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்கு முன் வரும் கடைசிப் பல்சக்கரச் சோடி), டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பகுதி) மூன்றும் ஒரே உறைக்குள் இருந்தால் அது டிரான்ஸ்ஆக்சில். நடு இன்ஜின் வண்டிக்கு வேறு வழி கிடையாது. இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் தனியாக நீண்ட தண்டு (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) போட இடமே இல்லை. கிட் காருக்கென்று புதிதாகச் செய்த பெட்டிகள் விலை அதிகம் என்பதால், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கட்டுவோர் பெரும்பாலும் பழைய வண்டியிலிருந்து எடுத்ததைத்தான் மாட்டுகிறார்கள். அப்படிக் கிடைப்பவை மூன்று குடும்பங்கள்.

குறுக்கு இன்ஜினோடு வருபவை

ஹோண்டா கே வரிசை, டொயோட்டா எம்ஆர்2, ஜெனரல் மோட்டார்ஸின் ஃபியெரோ ஆகியவை, இன்ஜின் வண்டியின் அகலவாக்கில் உட்காரும் இந்த வகை. முன்சக்கர இயக்க வண்டிகளில் டிஃபரன்ஷியல் இன்ஜினுக்குப் பின்னால், அதாவது ஓட்டுநர் பக்கமாக இருக்கும். அந்த முழுத் தொகுதியையும் திருப்பாமல் அப்படியே பின்னால் நகர்த்தினால் இன்ஜின் பின் அச்சுக்கு முன்னால் வந்துவிடும். சுழலும் திசை மாறாது, கிளட்ச் மாறாது, வேறு இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் அடாப்டர் தட்டு தேவையில்லை, டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்டும் அதே. 1984இல் வந்த பொன்டியாக் ஃபியெரோ கட்டப்பட்டதே இப்படித்தான்: முன்சக்கர வண்டியின் பாகங்களைப் பின்னால் வைத்து, ஸ்டியரிங் டை ராடு இருந்த இடத்தில் அசையாத ராடு ஒன்றைப் போட்டார்கள். ஏரியல் ஆட்டம் காரும் ஹோண்டா சிவிக் டைப் ஆரின் இன்ஜினையும் பெட்டியையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது.

முதன்முறை கட்டுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் உயரம். குறுக்கு இன்ஜின் நெட்டையாக நிற்கும். ஹோண்டா கே20இன் பிளாக் உயரம் 212 மில்லிமீட்டர், கே24இல் 231.5. இந்த 20 மில்லி வித்தியாசத்தில் பின் மூடி இடிக்கிற கிட்கள் உண்டு. இன்னொன்று எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் என்பது. கே வரிசையில் எக்ஸாஸ்ட் ஓட்டுநர் பக்கம் இருந்தது. இன்ஜின் பின்னால் போனதும் என்ன ஆகும் என்று காகிதத்தில் வரைந்து பாருங்கள்: முன்சக்கர வண்டியில் எது பின்பக்கமோ அது இங்கேயும் பின்பக்கம்தான். ஆகவே சூடான குழாய் வண்டியின் வால் பக்கம் போகிறது, இன்டேக் இருக்கையின் முதுகுப் பக்கம் வருகிறது. பழைய பி வரிசையில் இது நேர்மாறு. எக்ஸாஸ்ட் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். பி, டி வரிசை இன்ஜின்கள் மற்றவற்றுக்கு எதிர்த் திசையில் வேறு சுழல்கின்றன. அந்த இன்ஜினை அதன் சொந்தப் பெட்டியோடு மட்டுமே பயன்படுத்துவது உத்தமம்.

கியர் விகிதத்தையும் பார்த்துவிடலாம். கணக்கு எளிது: இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை டயரின் சுற்றளவால் (மீட்டரில்) பெருக்கி, 0.06ஆல் பெருக்கி, கியர் விகிதத்தையும் ஃபைனல் டிரைவையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 225/45 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். அக்யூரா ஆர்எஸ்எக்ஸ் டைப் எஸ் பெட்டியில் ஆறாவது கியர் 0.738, ஃபைனல் டிரைவ் 4.389. 3,000 சுற்றில் 111 கிலோமீட்டர் வருகிறது. நெடுஞ்சாலைக்குச் சற்று இரைச்சல்தான், ஆனால் 8,000 சுற்று வரை பாயும் இன்ஜினுக்கு இது பொருத்தம். ஜப்பானில் விற்ற டைப் ஆர் பெட்டிகளில், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் தொழிற்சாலையிலிருந்தே உண்டு; மற்ற நாட்டுப் பெட்டியை அதே விலைக்கு விற்கப் பார்ப்பவர்களும் உண்டு, கவனம்.

நெடுக்கு இன்ஜின், சரியான திசை

வி8 போட வேண்டும், ஃபோர்டின் 1960கள் பந்தயக் காரான ஜிடி40இன் நகல் கட்ட வேண்டும் என்றால் இன்ஜின் நெடுக்காகத்தான் உட்காரும். அப்போது பெட்டி அச்சுக்குப் பின்னால் வால்போல நீட்டிக்கொண்டிருக்கும். இதற்குத் தோதாகப் பிறந்தவை ஆடி, சுபாரு, ரெனோ 25 பெட்டிகள். ஆடியின் முன்சக்கர வண்டிகளில் இன்ஜின் முன் அச்சுக்கு முன்னால், பெட்டி அதற்குப் பின்னால். அதை அப்படியே பின் அச்சுக்கு நகர்த்தினால் வரிசை கெடாது, திசையும் கெடாது. போர்ஷா பாக்ஸ்டர் பெட்டி பிறப்பிலேயே நடு இன்ஜின் வண்டிக்கானது. கியர் கேபிள்களும் முன்னோக்கி வரும்படி அமைந்தவை. ஐந்து கியர் பாக்ஸ்டர் பெட்டி ஆடியின் 012 குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

012 வகை ஆடி ஏ4இலும், பி5 தலைமுறை பஸ்ஸாட்டிலும் ஏராளமாக வந்தது. மலிவு, எடை குறைவு, 1.8 டர்போவுக்கு ஏற்றது. உறையில் பொறித்திருக்கும் மூன்றெழுத்துக் குறிதான் விகிதத்தைச் சொல்லும். வெளித்தோற்றத்தை நம்பி வாங்கினால் டீசல் விகிதம் வந்து சேரலாம்.

இதற்கு மேல் வலு வேண்டும் என்போர் ஆடி குவாட்ரோவின் 01ஈ ஆறு கியர் பெட்டிக்குப் போகிறார்கள். அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. அது நான்கு சக்கர இயக்கப் பெட்டி, உள்ளே நடு டிஃபரன்ஷியல் உண்டு. பின்னோக்கிப் போகும் தண்டைச் சும்மா விட்டு மூடிவிட்டால், டிஃபரன்ஷியல் விதிப்படி சுமையில்லாத பக்கம் சுழலும், சக்கரம் அசையாது. நடு டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு இரண்டையும் பூட்டும் உருளை ஒன்றைக் கடைந்து போட வேண்டும். சுபாரு பெட்டிக்கும் இதே கதைதான். அதற்கு இரண்டு சக்கர இயக்கத்துக்கு மாற்றும் ஆயத்தப் பாகங்கள் கிடைக்கின்றன என்பது ஒரு சௌகரியம். ஆடி ஆர்8இலிருந்து வரும் ஆறு கியர் பெட்டிக்கும் முன் அச்சுக்கான வெளியீட்டை முடக்கியாக வேண்டும். ஆர்8இன் 4.2 லிட்டர் வி8 தருவது 430 நியூட்டன் மீட்டர். அதற்கெனச் செய்த பெட்டி என்பதால் வி8 கிட்களுக்கு இன்றைய தேதியில் மனம் ஒப்பும் தேர்வு அது. பணப்பையும் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ரெனோ யுஎன்1 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஜிடி40 நகல்களுக்கு இது நெடுநாள் வழக்கம். 1988 முதல் லோட்டஸ் எஸ்பிரிட்டும் இதைத்தான் போட்டது. 1996இல் எஸ்பிரிட்டுக்கு இரட்டை டர்போ வி8 வந்தபோது 350 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டார்கள், இந்தப் பெட்டி அதற்கு மேல் தாங்காது என்பதால். தொழிற்சாலையே வைத்த எல்லை அது. 302 கன அங்குல ஃபோர்டு வி8ஐ முடுக்காமல், பதமாகக் கிளட்ச் விட்டு ஓட்டுபவருக்குப் போதும். டிராக் ஆசை உள்ளவர் இதை நாடக் கூடாது.

நெடுக்கு இன்ஜின், தவறான திசை

911, பீட்டில் இரண்டிலும் இன்ஜின் அச்சுக்குப் பின்னால். டிலோரியனும் அப்படியே. இந்தப் பெட்டிகளை நடு இன்ஜினுக்குக் கொண்டுவர 180 டிகிரி திருப்பும்போது சக்கரம் பின்னோக்கிச் சுழலும். சரிசெய்ய இரண்டு வழி.

ஒன்று, ஃபைனல் டிரைவின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலை, அதைச் சுழற்றும் சிறிய பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றுவது. 1966இல் லோட்டஸ் யூரோப்பா செய்தது இதையேதான்: ரெனோ 16இல் பெட்டி இன்ஜினுக்கு முன்னால் இருந்தது, அதைத் திருப்பிப் போட்டு, கிரவுன் வீலைப் பக்கம் மாற்றினார்கள். பீட்டில் பெட்டியிலும் இது நடக்கும். பினியனின் மையக் கோடு கிரவுன் வீலின் மையத்தை வெட்டிப் போவதால், மறுபக்கம் வைத்தாலும் பற்கள் அதே முகத்தில் உட்காரும். வாங்கும்போது இரு பக்கமும் கழற்றும் மூடி உள்ள உறையாகப் பாருங்கள். மாற்றிய பின் ஷிம்களை (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய வளையங்களை) புதிதாக அளந்து பேக்லாஷை (பற்களுக்கு இடையிலான ஆட்டத்தை) 0.15 முதல் 0.25 மில்லிக்குள் வைத்து, பற்களில் மை தடவித் தடம் பார்க்காமல் மூடக் கூடாது. தடம் பல்லின் ஓரத்தில் விழுந்தால் சில நூறு கிலோமீட்டரில் ஊளையிடத் தொடங்கும். அதன் பிறகு ஷிம் மாற்றினாலும் சத்தம் போகாது, ஏனென்றால் பல்லே தேய்ந்திருக்கும்.

இரண்டாவது வழி, பெட்டியையே தலைகீழாகக் கவிழ்ப்பது. 1987இல் 911 கரேராவில் வந்த ஜி50க்கு இதுதான் கதி. அதன் கிரவுன் பினியன் ஹைபாய்டு வகை. பினியன் மையத்தை விட்டு விலகி இருக்கிறது. கிரவுன் வீலை மறுபக்கம் வைக்கப் போனால் அதன் மையம் பினியனுக்கு எதிர்ப் புறமாகப் போக வேண்டும், ஆனால் உறையில் பேரிங் இருக்கும் இடமோ மாறாது. மொத்த உறையையும் கவிழ்த்தால் எல்லாம் சேர்ந்தே புரள்கின்றன, திசை நேராகிவிடுகிறது, பற்களும் தம் இயல்பான முகத்திலேயே சுமையை ஏற்கின்றன. ஆனால் எண்ணெய்க்கு இது தெரியாதே. மூச்சுத் துளை கீழே போய்விடும், அதை மேலே புதிதாகத் துளைத்து எடுக்க வேண்டும். எண்ணெய் அளவு பார்க்கும் திருகும் இடம் மாறும். மேலே போன கியர்களுக்கும் பேரிங்குகளுக்கும் எண்ணெய் தெறித்துப் போய்ச் சேர்கிறதா என்று பெட்டியைத் திறந்தவரிடம் கேட்டே ஆக வேண்டும். உள்ளீட்டுத் தண்டின் உயரமும் மாறுவதால் இன்ஜின் மவுன்டிங்கைச் சேஸிஸில் பற்றவைக்கும் முன்பே பெட்டி கையில் இருந்தாக வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்றால், ஜி50 உண்மையிலேயே வலுவானது. 1989இன் 911 டர்போவில் 430 நியூட்டன் மீட்டரைத் தாங்கியது இதன் ஜி50/50 வடிவம். அல்டிமா, ஜிடி40 கட்டுவோர் பலர் இதைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் விகிதம் 911க்கானது. முதல் கியர் 3.5, ஃபைனல் 3.44, பெருக்கினால் 12. மேலே சொன்ன 2 மீட்டர் சுற்றளவு டயரில் 6,000 சுற்றில் 60 கிலோமீட்டரில் முதல் கியர் தீர்ந்துபோகிறது. டன் எடை கூட இல்லாத வண்டியில் வி8 இருக்கும்போது அந்த முதல் கியர் சும்மா ஒரு சடங்கு. பான்டெரா காருக்கு வந்த இசட்எஃப் 5டிஎஸ்-25இல் முதல் கியர் 2.42, ஃபைனல் 4.22; அதே சுற்றில் 70 கிலோமீட்டர் வரை போகும். அசல் ஜிடி40 பலவற்றிலும் இருந்தது இசட்எஃப்தான் என்பதால் நகல் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பவர் அதைத் தேடுகிறார். மற்றவர்களுக்கு அந்த விலை கொடுக்கக் காரணம் இல்லை.

பீட்டில் பெட்டி? மலிவானது, பாகங்கள் எங்கும் கிடைக்கும். நான்கே கியர், நான்காவது 0.89, ஃபைனல் 4.125 என்றால் 3,000 சுற்றில் 98 கிலோமீட்டர். அதன் சொந்த இன்ஜினோ, அதற்கு இணையான சிறிய நான்கு சிலிண்டரோ இருந்தால் சரி. டர்போ இன்ஜினை இதில் மாட்டுவது பணத்தைத் தவணை முறையில் தொலைப்பது.

டார்க் கணக்கு

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். பெட்டியை உடைப்பது இன்ஜினின் உச்ச டார்க் மட்டுமல்ல, டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதும்தான். பின் அச்சில் 550 கிலோ எடை, டயரின் பிடிப்பு 1.0, ஆரம் 0.318 மீட்டர் என்று வைத்தால் அச்சில் சுமார் 1,700 நியூட்டன் மீட்டர் வந்ததுமே சக்கரம் வழுக்கிவிடும். ஜி50இன் முதல் கியரில் இதற்கு இன்ஜினிடமிருந்து 142 நியூட்டன் மீட்டரே போதும். கிளம்பும் வேகத்தில் எடை பின்னால் சாய்வதால் இது கொஞ்சம் கூடும், ஆனாலும் 500 நியூட்டன் மீட்டர் வி8இன் முழு டார்க் முதல் கியரில் பெட்டிக்குள் போகவே போகாது. மூன்றாம் கியருக்கு மேல்தான் முழுதாகப் போகிறது. கனமான வண்டியில் உடைந்த பெட்டி இலகுவான கிட் காரில் பல ஆண்டு தாங்குவதன் காரணம் இதுவே.

ஆனால் கிளட்சை 5,000 சுற்றில் பட்டென்று விடுவது வேறு விஷயம். அப்போது பெட்டி சந்திப்பது இன்ஜினின் டார்க்கை அல்ல, சுழலும் ஃப்ளைவீலின் மோதலை. உள்ளீட்டுத் தண்டு முறுகுவதும், முதல் கியரின் பல் பெயர்வதும் இதனால்தான். வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயரும் (ஸ்லிக்) டிராக்கில் படிந்த ரப்பரும் சேர்ந்தால் கணக்கிலுள்ள பிடிப்பு 1.0க்கு மேல் கூடிவிடும். எண்ணிக்கையைக் கேட்டு முடிவெடுப்பவர் தன் வலது காலையும் இடது காலையும் பற்றி நேர்மையாக யோசிப்பது நல்லது.

பொருத்தும்போது கெடுபவை

வேறு இன்ஜின், வேறு பெட்டி என்றால் அடாப்டர் தட்டு வரும். தட்டு கடைந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் டயல் கேஜை கிராங்கில் கட்டி பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் உறையின்) துளையைச் சுற்றிப் பாருங்கள். கேஜில் மொத்த அலைவு 0.25 மில்லிக்குள் இருக்க வேண்டும், அதாவது மையம் 0.125க்கு மேல் விலகியிருக்கக் கூடாது. கூடுதல் என்றால் மையம் விலகிய டவல் பின் (உறையின் இடத்தை நிலைநிறுத்தும் முளை) போட்டு நகர்த்தலாம். இதைப் பார்க்காமல் விட்டால் பைலட் பேரிங் கத்தும், கிளட்ச் முழுதாக விடாது, கியர் விழும்போது கரகரக்கும். பழி மட்டும் கியர் விழும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ மீது விழும்.

கிளட்ச் தகட்டின் நடுத் துளை பெட்டியின் ஸ்பிளைனுக்கு (உள்ளீட்டுத் தண்டின் பள்ளப் பற்களுக்கு) பொருந்த வேண்டும், பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலும் இன்ஜினுக்குப் பொருந்த வேண்டும். இரண்டையும் இணைக்கும் தகடு பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துச் செய்வதுதான். ஹைட்ராலிக்கையும் முன்பே கணக்கிடலாம்: 19 மில்லி மாஸ்டர் சிலிண்டர் 30 மில்லி நகர்ந்தால், 22.2 மில்லி ஸ்லேவ் சிலிண்டர் சுமார் 22 மில்லி நகரும். ஃபோர்க் விகிதம் 2 என்றால் ரிலீஸ் பேரிங்குக்கு 11 மில்லி. உங்கள் கிளட்ச் எவ்வளவு கேட்கிறதோ அதற்கு ஏற்ப சிலிண்டரை மாற்றுங்கள். பெடல் கனமாக இருக்கிறதே என்று சின்ன மாஸ்டர் போட்டு, கிளட்ச் விடாமல் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

டிரைவ் ஷாஃப்ட் நீளத்தை வண்டி நிற்கும் உயரத்தில் மட்டும் அளந்து வெட்டக் கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றி, சஸ்பென்ஷனை மேல் எல்லை முதல் கீழ் எல்லை வரை நகர்த்தி, ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் சி.வி. ஜாயின்ட் உள்ளே போகும் அளவையும் வெளியே வரும் அளவையும் குறியுங்கள். இரு முனையிலும் 3 மில்லியாவது மிச்சம் வேண்டும். முட்டினால் உடைவது ஷாஃப்ட் அல்ல, டிஃபரன்ஷியலின் பக்க பேரிங்கும் உறையும். ஜாயின்ட் அளவு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளலாம்: பீட்டில் 94 மில்லி, ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 100, போர்ஷா 930 வகை 108. போல்ட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள். தானாகக் கழன்று விழுவதில் இவற்றுக்கு நிகர் கிடையாது.

கியர் இணைப்புதான் நெடுக்குப் பெட்டிகளின் கடைசித் தலைவலி. ஆடியிலும் திருப்பிய ஜி50இலும் கியர் ராடு வண்டியின் வால் பக்கம் வெளிவருகிறது. அங்கிருந்து இன்ஜினையும் எக்ஸாஸ்டையும் சுற்றி முன்னால் கொண்டுவர வேண்டும். ராடு போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் சிறு ஆட்டம், நான்கு இணைப்பு சேர்ந்தால் மூன்றாம் கியர் எங்கே என்று தேட வேண்டிவரும். கேபிள் போட்டால் வளைவை 200 மில்லி ஆரத்துக்குக் குறையாமல் வைத்து, எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோக வேண்டும். உள்ளுறை உருகிய கேபிள் ஒரு நாள் ஒரே கியரில் நிறுத்திவிடும். குறுக்குப் பெட்டிகளிலும் பாக்ஸ்டரிலும் கேபிள் தொழிற்சாலையிலிருந்தே வருவதால், முதல் கட்டுமானத்துக்கு அவற்றைச் சிபாரிசு செய்யப் பாதிக் காரணம் இதுதான்.

பழைய பெட்டி வாங்கும்போது வடிகால் திருகைக் கழற்றி எண்ணெயைப் பாருங்கள். காந்தத்தில் மாவுபோலச் சாம்பல் துகள் ஒட்டியிருந்தால் சாதாரணம். ஊசிபோலச் சிம்பு இருந்தால் பல் போயிருக்கிறது, தங்க நிறத் துகள் இருந்தால் சிங்க்ரோ வளையம். உள்ளீட்டுத் தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரும் விழுகிறதா என்று பாருங்கள், டிரைவ் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பிறகு உறையின் குறியைப் படம் எடுத்து, ஃபைனல் டிரைவ் விகிதத்தை அந்தக் குறியிலிருந்து உறுதி செய்த பின்பே பணத்தை எடுங்கள்.